நெல்லையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்கு: பேப்பர், வெள்ளம், இன்ஜின்

புதிதாக வாங்கினால் கோடியைத் தாண்டும் போர்ஷே, 15 வயதானதும் ஒரு புது இன்னோவாவின் விலையை ஒட்டி இறங்கிவிடுகிறது. அங்கேதான் நிறையப் பேருக்குச் சபலம் தட்டுகிறது. தப்பில்லை. நான்குவழிச் சாலை வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ஊர் நம்முடையது. ஒரு பக்கம் கன்னியாகுமரி, இன்னொரு பக்கம் குற்றாலம். ஓட்டுவதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. கிளட்ச், ரேடியேட்டர், டயர் எல்லாம் இன்றும் கோடி ரூபாய்க் காருக்கு உண்டான விலைதான். அதனால் காருக்கு ஒரு கணக்கு, இன்ஜின் வேலைக்கு இன்னொரு கணக்கு என்று பிரிக்காமல், விலை பேசும்போதே இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. போர்ஷேயின் பாக்ஸ்டர், கேமன் கார்களை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே இன்ஜின் வேலை பார்க்கலாமா வேண்டாமா என்ற குழப்பம் அதிகம் உள்ள கார்கள் அவைதான்.

எந்த ஆண்டு, எந்த இன்ஜின்

கலரைப் பார்த்துக் காரை முடிவு செய்யாதீர்கள். ஆண்டைப் பாருங்கள். முதல் பாக்ஸ்டர் 1996 கடைசியில் வந்து 2004 வரை ஓடியது. 2005 முதல் அடுத்த தலைமுறை. கேமனும் அந்தக் குடும்பம்தான். இதில் 2008 மாடல் வரை ஒரு வகை இன்ஜின், 2009 மாடலிலிருந்து முற்றிலும் வேறு இன்ஜின். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் வித்தியாசம் சில லட்சம் ரூபாய் பெறும்.

ஆர்.சி.யில் பதிவு தேதி 2009 என்று இருப்பதைக் காட்டி, ‘இது புது இன்ஜின் அண்ணாச்சி’ என்று புரோக்கர் சொல்லலாம். பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முன் கண்ணாடியின் அடி ஓரத்தில் தெரியும் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணில் 10ஆவது எழுத்தைப் பாருங்கள். 8 என்றால் 2008 மாடல், 9 என்றால் 2009 மாடல். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தோடும் இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போர்ஷே வேண்டாம் என்றால், பிஎம்டபிள்யூ இசட்4, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவை உண்டு. குடும்பத்தோடு திருச்செந்தூர் போக வேண்டும், நாலு சீட் வேண்டும் என்றால் ஆக்டேவியாதான் நியாயமான தேர்வு. இதைச் சொன்னால் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

பேப்பர்

காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே வண்டி எண்ணை வாங்கி, அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், லோன் நிலுவை இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, பதிவு எதுவரை என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். இந்த மாதிரிக் கார்களில் ஸ்பீடு அபராதம் சேர்ந்திருப்பது சகஜம்.

டிஎன் 72, பக்கத்து டிஎன் 76, டிஎன் 69 என்றால் வேலை சுலபம். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். லோன் இருந்தால் ஃபார்ம் 35, கூடவே பேங்க் தரும் கடிதம். லோன் முடிந்தது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, ஆர்.சி.யில் அந்த வரி நீங்கியிருக்க வேண்டும்.

வெளிமாநிலக் கார் என்றால் நிதானம் தேவை. டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், அந்த வயதை நெருங்கும் கார்கள் அங்கிருந்து மலிவாக வரும். வரி மிச்சம் பிடிக்கப் புதுச்சேரியில் பதிந்த கார்களும் நிறைய. எதுவானாலும் ஃபார்ம் 28 என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணை இல்லாச் சான்று) கையில் வராமல் அட்வான்ஸுக்கு மேல் கொடுக்கக் கூடாது. இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், கார் புதிதாக விற்ற விலையை வைத்துத்தான் கணக்கு. டெல்லி காரில் மிச்சமானதாக நினைத்த பணம் பெரும்பாலும் இங்கே போய்விடும்.

சொந்தக் கார் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி வாகனத்துக்கு 40,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் அதை இரட்டிப்பாக்கினார்கள். 2008 மாடல் போர்ஷே பார்க்கிறவர் இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற காரா?

நம்ம பக்கம் கார் வாங்குகிறவர் இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.க்குப் பக்கத்தில் கொட்டியது. தாமிரபரணி ஏறி வந்து சந்திப்பு, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் இன்னும் மோசம். அதே மாதத் தொடக்கத்தில்தான் சென்னையில் மிக்ஜாம் புயல். அப்போது தண்ணீரில் நின்ற கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, உலர்த்தி, பாலிஷ் போட்டு, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2018இல் கேரளத்தில் நின்றதும், 2015இல் சென்னையில் நின்றதும் அப்படியே.

கண்டுபிடிக்கப் பேப்பரில் ஒரு வழி இருக்கிறது. 2024ஆம் ஆண்டு புதுப்பித்த இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். அதில் நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்று இருக்கும். கிளைம் வாங்காமல் ஓட்டியவருக்கு அது ஏறிக்கொண்டே போய் 50 சதவீதத்தில் நிற்கும். முந்தின ஆண்டு 50 இருந்து அந்த ஆண்டு பூஜ்யம் ஆகியிருந்தால், இடையில் ஏதோ கிளைம் நடந்திருக்கலாம். வெள்ளமா, விபத்தா என்று அப்புறம் விசாரிக்கலாம். பாலிசியே காட்ட மாட்டேன் என்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

காரில் பார்க்க வேண்டியவை: சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசி அரை அடியில் மண் கோடு படிந்திருக்கும். கழுவுகிறவர்கள் அந்த நீளத்துக்குப் பெல்ட்டை இழுப்பதில்லை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அமுக்குங்கள். ஏசி போட்டதும் ஈர வாடையை மறைக்கும் அளவுக்கு சென்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பாக்ஸ்டருக்கு வெள்ளமே வர வேண்டியதில்லை, ஒரு வேப்பமரம் போதும். துணிக் கூரை மடங்கும் இடத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. இலையும் தூசியும் அதை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் சீட்டுக்கு அடியில்தான் இம்மொபிலைசர் பெட்டி, அதாவது சாவியை அடையாளம் கண்டு வண்டியை ஸ்டார்ட் ஆகவிடும் பெட்டி, இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தோட்டத்து மரத்தடியில் நின்ற கார் என்றால் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் வராதீர்கள்.

உவரி, கூட்டப்புளி, திருச்செந்தூர் மாதிரிக் கடலோரத்தில் இருந்த கார்களுக்கு உப்புக்காற்று வேறு. பிரேக் பைப், சைலன்சர் போல்ட், ரேடியேட்டர் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள்.

காலையில் போங்கள்

‘நாங்கள் வரும்வரை இன்ஜினைத் தொடாதீர்கள்’ என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, விடிந்ததும் போய்விடுங்கள். போனதும் சைலன்சர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது வரும் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

பாக்ஸ்டரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம்தான். பின் டிக்கியில் ஆயில் மூடியும் கூலண்ட் மூடியும் தெரியும். அங்கே கார்ப்பெட் ஈரமாக இருந்தால் கூலண்ட் டேங்க் விரிசல் விட்டிருக்கிறது. இந்தக் கார்களில் வழக்கமான கோளாறு அது.

ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீங்கள் பின்னால் நில்லுங்கள். படுத்த வாக்கில் உள்ள ஆறு சிலிண்டர் இன்ஜின் என்பதால், இரவில் கொஞ்சம் ஆயில் கசிந்து, ஸ்டார்ட் ஆகும்போது சில நொடி புகை விடுவது சகஜம். புகை நிற்காமல் தெரு முழுவதும் வெள்ளையாகப் பரவினால் இன்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஏர்-ஆயில் செபரேட்டர் போயிருக்கும். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது போல மூடி கழற்ற முடியாமல் இருந்தாலும் காரணம் அதுவே. இது பெரிய செலவு இல்லை. விலை குறைக்கப் பயன்படும்.

காரின் மூக்கை மறக்காதீர்கள். முன் பம்பரின் இரண்டு பக்கத் துவாரங்களுக்கு உள்ளேதான் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. டார்ச் அடித்துப் பாருங்கள். சருகும் மண்ணும் கட்டியாகச் சேர்ந்து, அதில் ஈரம் தங்கி, அலுமினியம் அரித்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இந்த ரேடியேட்டர் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

ஓட்டிப் பார்க்க நல்ல ரூட்: முதலில் டவுன் ரத வீதி நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்து போங்கள். டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று தெரியும். அப்புறம் நான்குவழிச் சாலையில் ரெட்டியார்பட்டி மலையைத் தாண்டி நாங்குநேரி டோல்கேட் வரை. டாப் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் கல் மாதிரி கனத்தாலும் கிளட்ச் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் குறித்து வையுங்கள். இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு பேரிங்கை மாற்றலாமா என்று பின்னால் முடிவெடுக்கும்போது இதுதான் தேவைப்படும்.

ஸ்கேனரும் ஃபில்டரும்

அடுத்தது ஒர்க்‌ஷாப். நம்மூர் மெக்கானிக்கை அழைத்துப் போவது நல்லது. சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லும் கைகள் இங்கே உண்டு. ஆனால் இந்தக் கார்களுக்கு அதற்கான ஸ்கேனரும் வேண்டும். போர்ஷேக்கு டியூரமெட்ரிக் போன்ற கருவி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் கொச்சியிலோ சென்னையிலோ உள்ள கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பரிசோதனைக்குப் பணம் கட்டுங்கள். நமக்குக் கொச்சிதான் பக்கம்.

ஸ்கேனரில் பிழைக் குறியீடு மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பெரும்பாலான மாடல்களில் பதிவாகியிருக்கும். மீட்டரைக் குறைத்து வைக்கிறவர்கள் பலர் இதைத் தொடுவதில்லை. மீட்டர் 32,000 கி.மீ. காட்டுகிறது, ஓடிய நேரம் 2,400 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் மணிக்குச் சுமார் 13 கி.மீ. சென்னை நெரிசலிலேயே வாழ்ந்த கார் என்றால் கூட இது குறைவு. 35, 40 என்று வந்தால் நம்பலாம்.

அதே இடத்தில் ஓவர்-ரெவ் பதிவும் இருக்கும். 5ஆவது கியரிலிருந்து 4க்குப் பதிலாக 2இல் போட்டுவிட்டால், இன்ஜின் அதன் எல்லையைத் தாண்டிச் சுற்றும். அது எத்தனை முறை, எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பது தெரியும். பல நூறு மணி நேரத்துக்கு முன் நடந்து, அதன் பிறகும் இன்ஜின் நன்றாக ஓடியிருந்தால் கவலை இல்லை. போன வாரம் நடந்ததாக இருந்தால் விட்டுவிடுங்கள். கேம்ஷாஃப்ட் டீவியேஷன் அளவையும், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும், பாருங்கள். இரு பக்கமும் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஆயில் ஃபில்டரைத்தான். ‘என் செலவில் ஆயில் மாற்றித் தருகிறேன்’ என்று விற்கிறவரிடம் சொல்லுங்கள். 8 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், செலவுதான், ஆனால் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது. அடியில் உள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றினால் காகித ஃபில்டர் வரும். கிண்ணத்தில் தங்கிய ஆயிலைக் கொட்டிவிடாமல் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். ஃபில்டரின் காகிதத்தைக் கத்தியால் வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் எஃகு, அதாவது பேரிங் போன்ற பாகங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் செயினைத் தாங்கும் பேடுகள் தேய்கின்றன. ஒன்றிரண்டு பிளாஸ்டிக் துணுக்குக்குப் பயப்பட வேண்டாம். எஃகுத் துகள் கண்டால் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

அந்தப் பேரிங்

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2008 மாடல் வரையிலான பாக்ஸ்டர், கேமன் இன்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று ஓடுகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து சுழற்சியை வாங்கி, செயின் வழியாகக் கேம்ஷாஃப்டுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் ஒரு முனை, கியர்பாக்ஸ் பக்கம், ஒரு சீல் செய்த பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஐ.எம்.எஸ். பேரிங் என்பது இதுதான். உள்ளே வைத்த கிரீஸ் நாளாக ஆகக் கரைந்துவிடுகிறது. சீல் இருப்பதால் புது ஆயிலும் தாராளமாகப் போவதில்லை. பேரிங் காய்ந்து தேய்ந்து உடைந்தால் செயினின் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜின் மொத்தமும் போய்விடும். பெரும்பாலும் முன்னறிவிப்பு கிடையாது. இதில் இருக்கும் கொடுமையே அதுதான்.

எல்லாக் காரிலும் ஒரே அபாயம் இல்லை. தொடக்க ஆண்டுகளில் இரட்டை வரிசை பேரிங் வைத்தார்கள். 2000ஐ ஒட்டி அதை ஒற்றை வரிசையாக மாற்றினார்கள். அமெரிக்காவில் இதற்காக நடந்த வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, இரட்டை வரிசையில் பழுது 1 சதவீதம் அளவில், ஒற்றை வரிசையில் 8 சதவீதம் அளவில். 2005 நடுவிலிருந்து பெரிய அளவு பேரிங் வைத்தார்கள். அது உறுதியானது. ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் அந்த ஷாஃப்டே இல்லை.

2005 கார் என்றால் எது இருக்கிறது என்று ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸை இறக்கி, பேரிங் மூடியின் நடுவில் உள்ள நட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். 22 மி.மீ. ஸ்பேனர் பிடித்தால் பெரிய பேரிங்.

மாற்றலாமா, வேண்டாமா

இங்கேதான் ஆளுக்கொரு பேச்சு. ஒரு சாரார் வாங்கிய அன்றே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், 100க்கு 92 கார் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு நோண்டுவது என்கிறார்கள். இரண்டும் பாதி உண்மை. எந்த முன்னெச்சரிக்கை வேலையானாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். உடைந்தால் அந்தப் பாகத்தோடு நிற்குமா, இன்ஜினையே கொண்டுபோகுமா? உடையும் முன் சத்தமோ கசிவோ காட்டுமா? அந்த இடத்தை வேறு ஏதாவது வேலைக்காகத் திறக்கப் போகிறோமா?

ஐ.எம்.எஸ். பேரிங் முதல் இரண்டிலும் தோற்கிறது. இன்ஜினைக் கொண்டுபோகும், சொல்லாமல் போகும். அதனால் முடிவு மூன்றாவது கேள்வியில் நிற்கிறது. பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இந்தக் கூலிதான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: மாற்று இன்ஜின் 10 லட்சம், 8 சதவீத அபாயம் என்றால் அதன் மதிப்பு 80,000. பேரிங்குக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கினால் ஒன்றரை லட்சம் ஆகும் என்றால் கணக்கு இடிக்கிறது. கிளட்சுக்காக எப்படியும் இறக்கத்தான் போகிறோம், பேரிங்குக்குக் கூடுதலாக 60,000 என்றால் யோசிக்கவே வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கும் எஸ்டிமேட்டை இதில் போட்டுப் பாருங்கள்.

அதனால் 2001 முதல் 2004 வரையிலான மேனுவல் கார், கிளட்ச் தீரும் நிலை, ஃபில்டர் சுத்தம் என்றால் வாங்கிய கையோடு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிடுங்கள்: கிளட்ச், பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல். செராமிக் குண்டு வைத்த மாற்றுப் பேரிங்குகள் கிடைக்கின்றன. கிளட்ச் புதிதாக இருந்து, ஒன்றிரண்டு ஆண்டில் விற்றுவிடும் எண்ணமும் இருந்தால், பேரிங்கைத் தொடாமல் ஓட்டுவதில் தப்பில்லை. பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர், இரவில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகவே மாற்றினாலும் நான் சிரிக்க மாட்டேன்.

2006 முதல் 2008 வரை என்றால் நன்றாக ஓடும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த முறை கிளட்ச் மாற்றும்போது பேரிங்கின் வெளிப்பக்கச் சீலை மட்டும் எடுத்துவிட்டால் ஆயில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இந்தக் கார்களில், குறிப்பாக 3.4 லிட்டர் கேமன் எஸ்ஸில், சிலிண்டர் சுவரில் கீறல் விழும் பிரச்சினைதான் பெரிது. பிளக்கைக் கழற்றி, கேமரா குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். குளிர் நாடுகளில் இது அதிகம். இதில் மட்டும் நம்மூர் வெயில் நமக்குச் சாதகம்.

2009 மாடலோ அதற்குப் பிந்தியதோ என்றால் இந்தப் பகுதியை மறந்துவிட்டு, அந்தக் காசை டயருக்கும் ரேடியேட்டருக்கும் ஒதுக்குங்கள்.

ஃபில்டரில் எஃகுத் துகள் கண்ட காருக்குப் பேரிங் மாற்றித் தருகிறேன் என்று விற்கிறவர் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். துகள் ஏற்கெனவே இன்ஜின் முழுவதும் ஓடிவிட்டது. புதுப் பேரிங் அதைத் திரும்ப எடுக்காது.

இதே மூன்று கேள்வி மற்றக் கார்களுக்கும் பொருந்தும். பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ-யில் வாட்டர் பம்ப் கரண்டில் ஓடுவது, சொல்லாமல் நின்றுவிடும். நின்றால் இன்ஜின் சூடேறிக் கெடும். வயதான காரில் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து முன்கூட்டியே மாற்றுவது நியாயம். அதே காரின் ஹை-பிரஷர் பெட்ரோல் பம்ப் போனால் வண்டி திணறும், எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் சாகாது. அதைப் போனபிறகு மாற்றலாம். 2017 ஆக்டேவியா ஆர்எஸ் 230இல் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். 2000களின் பழைய 1.8 டர்போ ஆர்எஸ் என்றால் டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

விலை பேசும்போது

ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, பதிவு மற்றும் வரிச் செலவு, டயர். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும். 1217 என்றால் 2017இன் 12ஆவது வாரம். பட்டன் பாதி இருந்தாலும் அந்த வயது டயரை வேகமாக ஓடும் காரில் வைக்கக் கூடாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது என்பார்கள். டயரில் மிச்சம் பிடிக்கிறவர் அதைத்தான் செய்கிறார்.

முதல் வரியின் முழுத் தொகையையும், இரண்டாவது வரியில் பாதியையும் விலையில் குறைக்கக் கேட்பது என் வழக்கம். குறை சொல்லிப் பேசாதீர்கள், எஸ்டிமேட்டைக் காட்டிப் பேசுங்கள். நம்ம ஊரில் காரை ஆசையாக வைத்திருந்தவரிடம் ‘அண்ணாச்சி, வண்டி அருமையாத்தான் இருக்கு, இந்த வேலை மட்டும் பாக்கி இருக்குல்லா’ என்றால் காது கொடுப்பார். வண்டியை மட்டமாகப் பேசினால் அத்தோடு முடிந்தது. 8,000, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில்லை வரிசையாகக் கோத்து வைத்திருக்கும் ஒருவர் கொஞ்சம் அதிகம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வாங்கியபின் முதல் சில மாதம்

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்டு பார்ட்டி காப்பு தானாகத் தொடரும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படியல்ல. ஃபாஸ்டேக்கும் பழைய ஓனர் பெயரில் இருக்கக் கூடாது. காரை முழுவதுமாக மேலே ஏற்றிப் போகும் ரெக்கவரி வண்டிக்காரர் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். இந்தக் கார்களைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. ஜாக்கி வைக்கும் இடமும் குறிப்பிட்ட நான்கு இடம்தான் என்று பஞ்சர் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கம்பெனி கையேட்டில் உள்ள நீண்ட இடைவெளியை நம்பாமல், ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 8,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ, ஆயில் மாற்றுங்கள். போர்ஷே ஏ40 அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-40 ரக ஆயில் நம்ம வெயிலுக்குச் சரியாக இருக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்துக் கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ்களை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, விறைத்ததை மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடவும் கூடாது.

ஷெட்டில் மூடி வைக்காதீர்கள். பேரிங் போன கார்களில் ஓட்டாமல் நின்றவையே அதிகம் என்பது இந்த வேலை பார்க்கிறவர்கள் சொல்வது. வாரம் ஒருமுறை ஆயில் நன்றாகச் சூடாகும் வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அதில் கொஞ்ச நேரம் இன்ஜினைத் தாராளமாகச் சுற்றவிடுங்கள். எந்நேரமும் டாப் கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் உருட்டுவது இந்த இன்ஜினுக்கு ஆகாது.

வாங்கும்போது மாற்றிய ஆயிலை, 2,000 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். முதல் ஃபில்டரைச் சுத்தமாகக் காட்ட, நீங்கள் வருவதற்கு முந்தின வாரம் மாற்றி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது ஃபில்டர் நீங்களே ஓட்டியது. அதில் கிடைத்ததைத் தேதி, கிலோமீட்டர் எழுதி ஒரு கவரில் போட்டு, சர்வீஸ் பில்லோடு வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.